ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறை என்றால் யாரைக் கேட்பது?

ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். டாக்டர் இல்லை. செல்போனில் வீடியோ எடுக்கிறார். அது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மறுநாள் பணியில் இருந்த செவிலியருக்கு மெமோ போகிறது, சில சமயம் சஸ்பெண்ட் உத்தரவே போகிறது. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று செய்தி வந்ததும் எல்லோரும் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம்.

ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்கு அதே நேரத்தில் போனாலும் டாக்டர் இருக்க மாட்டார். தமிழ்நாட்டின் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெரும்பாலும் செவிலியர்களின் சுழற்சிப் பணியை நம்பித்தான் இரவில் ஓடுகின்றன. மருத்துவர் அழைத்தால் வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாடு போதுமா, அன்றைக்கு அழைத்தும் அவர் வரவில்லையா, அந்தப் பணியிடமே காலியா, இருந்த டாக்டரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களா? இந்த நான்குக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நான்கு வெவ்வேறு ஆட்கள். வீடியோவில் தெரிந்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

சுகாதார அதிகாரிகள் பொறுப்பேற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த அதிகாரி, எதற்கு, யாரிடம் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களை வைத்து அதைப் புரிந்துகொள்ளப் பார்ப்போம்.

மூன்றாம் பந்தியில் சாம்பார் தீர்ந்தால்

கல்யாண வீடு. மூன்றாம் பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டது. இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர் எதிரில் வாளியோடு நிற்கும் பையனைத்தான் திட்டுவார். கண்ணில் படுவது அவன்தானே.

ஆனால் இத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குச் சொன்னது பெண் வீட்டார். அந்தக் கணக்குக்குப் பருப்பும் காய்கறியும் வாங்கிப் போட்டது மளிகைப் பொறுப்பை எடுத்துக்கொண்ட மாமா. ஆக்கியது சமையல் மாஸ்டர். இருநூறு பேர் என்று சொல்லி நானூறு பேர் வந்தார்களா, மாமா பருப்பைக் குறைத்து வாங்கினாரா, மாஸ்டர் ஒரு அண்டாவை அடிப்பிடிக்க விட்டுவிட்டாரா என்று பார்க்காமல் பையனை விரட்டிவிட்டு வேறு பையனைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? நான்காம் பந்திக்கும் சாம்பார் இருக்காது.

அதற்காகப் பையன் எப்போதும் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. வாளியில் இருந்ததைத் தெரிந்தவர் இலைக்கு மட்டும் ஊற்றினான் என்றால் அது அவன் செய்த தப்புதான். கையில் இருந்ததை வைத்து ஒருவர் என்ன செய்தார் என்பது ஒரு கேள்வி. அவர் கைக்கு அது ஏன் வந்து சேரவில்லை என்பது வேறு கேள்வி. முதல் கேள்வி அவருக்கு. இரண்டாவது, அவருக்கு மேலே இருப்பவருக்கு.

பொறுப்புக்கூறல் என்றால்

ஆட்சி நிர்வாகத்தில் இதைப் பொறுப்புக்கூறல் என்பார்கள். ஒருவரிடம் ஒரு வேலை தெளிவாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அதைச் செய்ய ஆளும் பணமும் பொருளும் அதிகாரமும் கொடுத்திருக்க வேண்டும். செய்ததையும் செய்யாததையும் அவர் விளக்கியாக வேண்டும். அந்த விளக்கத்துக்குப் பின் ஏதாவது மாற வேண்டும்: குறை சரிசெய்யப்படலாம், பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் கிடைக்கலாம், தேவைப்பட்டால் தண்டனையும் வரலாம். இவ்வளவும் சேர்ந்ததுதான் பொறுப்புக்கூறல்.

நம் பேச்சில் இதன் கடைசித் துண்டான தண்டனை மட்டும் மிஞ்சிவிட்டது. ஒப்படைத்த வேலை எது, கொடுத்த வசதி எது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. கீழே ஒருவரைத் தண்டித்தால் கோப்பை அன்றைக்கே மூடிவிடலாம். வசதி ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்டால் கோப்பு மேலே மேலே ஏறிக்கொண்டே போகும்.

யார் கையில் என்ன இருக்கிறது

கிராமத்துக்கு மிக அருகில் இருப்பது துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. கிராம சுகாதார செவிலியர் இதைப் பார்த்துக்கொள்கிறார். ஊரில் நர்சம்மா என்றும், ஆபீசில் வி.எச்.என் என்றும் சொல்வார்கள். அதற்கு மேலே ஆரம்ப சுகாதார நிலையம், சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று. அங்கே பொறுப்பில் இருப்பவர் மருத்துவ அலுவலர். வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து ஒரு வட்டார மருத்துவ அலுவலர் உண்டு. அதற்கு மேலே சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர், வழக்கில் ‘டிடி’. அண்மையில் இந்தப் பதவிக்கு மாவட்ட சுகாதார அலுவலர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் சென்னையில் இருக்கும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநரின் கீழ் வருகிறார்கள். இப்படித் தனியாக ஒரு பொது சுகாதாரத் துறையும், 1939-லேயே வந்த பொது சுகாதாரச் சட்டமும் இருப்பது தமிழ்நாட்டுக்கு இருக்கும் பெரிய பலம்.

மனு எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுகாதார மாவட்டமும் வருவாய் மாவட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. விருதுநகர் மாவட்டத்துக்குள் சிவகாசி தனிச் சுகாதார மாவட்டம். திருவண்ணாமலைக்குள் செய்யாறும் திண்டுக்கல்லுக்குள் பழனியும் அப்படித்தான். தப்பான டிடி ஆபீசுக்குப் போன மனு அங்கேயே தூங்கும்.

தாலுகா ஆஸ்பத்திரி இந்த வரிசையிலேயே இல்லை. அதைப் பார்ப்பவர் நலப்பணிகள் இணை இயக்குநர், அதாவது ‘ஜேடி’. அவருக்கு மேலே வேறு இயக்குநரகம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றாவதாக இன்னொரு இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. டாக்டர்களையும் செவிலியர்களையும் தேர்வு செய்வது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். மருந்து வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 108 ஆம்புலன்ஸை ஒப்பந்த அடிப்படையில் ஓட்டுவது ஒரு வெளி நிறுவனம். ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரின் சட்டையைப் பிடித்தால், அவரும் அதே 108-க்குத்தான் போன் போட்டுக் காத்திருந்திருப்பார்.

இதுவரை பார்த்தது இதுதான். கிராமத்தில் கிடைக்கும் ஒரே சிகிச்சைக்குப் பின்னால் ஐந்தாறு அலுவலகங்கள் இருக்கின்றன. ஆளை ஒருவர் கொடுக்கிறார், மருந்தை ஒருவர், வண்டியை ஒருவர். கேள்வி எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதை எது குறைந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது.

மருந்து இல்லை என்றால்

நாய்க்கடி ஊசி ஸ்டாக் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் மருந்து வாங்கும் முறையே மாறியது. கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு. இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒதுக்கீடு இருக்கும். எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். மருத்துவமனை தனக்கு வேண்டிய மருந்தைக் கேட்டு அனுப்பும் பட்டியலுக்கு இண்டென்ட் என்று பெயர். அவசரத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள ஒரு சிறு பங்குப் பணமும் உண்டு.

இந்த முறையில் எங்கே தவறு நடந்தது என்பதற்குக் காகிதச் சாட்சி இருக்கும். இருப்பு குறைந்தும் இண்டென்ட் போடவில்லை என்றால் அது அந்த நிலையத்தின் குறை. இண்டென்ட் போட்டும் கிடங்கில் இல்லை என்றால் கழகம் பதில் சொல்ல வேண்டும். டெண்டரே முடியாமல் கிடந்தால் கேள்வி சென்னைக்குப் போக வேண்டும். ‘ஏன் மருந்து இல்லை?’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் கையை விரிப்பார்கள். ‘எந்தத் தேதியில் இண்டென்ட் போட்டீர்கள்?’ என்று கேட்டால் ஒருவராவது ரிஜிஸ்டரைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஒரு தாயின் மரணத்தை எப்படி விசாரிக்கிறார்கள்

பொறுப்புக்கூறல் ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. அதிகம் பேசப்படாதது, பேறுகால இறப்பு ஆய்வு.

கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புடைய காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது பேறுகால இறப்பு. அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி, வீடு, போகிற வழி என்று எங்கே நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். அதன் பிறகு இரண்டு பக்க விசாரணை நடக்கும். ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டை எடுத்து எத்தனை மணிக்கு வந்தார், யார் பார்த்தார், ரத்தம் எப்போது ஏற்றப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். இன்னொரு குழு இறந்தவரின் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் நடந்ததை முதலிலிருந்து கேட்டு எழுதும். இதற்கு வாய்மொழி ஆய்வு என்று பெயர். கடைசியில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம் நடக்கும். அங்கே குடும்பத்தாரையும் வரவழைத்துப் பேச விடுவார்கள்.

விசாரணையில் தேடுவது மூன்று தாமதங்களை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்க ஆன தாமதம், போய்ச் சேர ஆன தாமதம், சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைக்க ஆன தாமதம். மலைக்கிராமத்துப் பெண் ஒருவர் ரத்தப்போக்கால் இறந்தார் என்று வைத்துக்கொண்டால், டாக்டர் கவனிக்கவில்லை என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக ஒரு கதையே வெளியே வரும். ரத்தசோகை ஏழாம் மாதத்திலேயே தெரிந்திருக்கும். மலையடிவாரத்துக்கு வண்டி வர நேரமாகியிருக்கும். முதலில் போன ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து நிபுணர் விடுப்பில் இருந்திருப்பார். அங்கிருந்து அனுப்பும்போது அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கூட்டத்தின் பெரிய பலம் என்று நான் நினைப்பது, ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி என்று மூன்று இயக்குநரகத்தாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருப்பதுதான். ‘நாங்கள் ரெஃபர் பண்ணிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது’ என்று மற்ற நாட்களில் சொல்லித் தப்பிவிடலாம். இங்கே அந்தப் பெண்ணின் பயணத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே கதையாகப் படிக்கிறார்கள். இரண்டு துறைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியும் அப்போதுதான் கண்ணில் படுகிறது.

பலன் இருந்ததா? ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்பதைப் பேறுகால இறப்பு விகிதம் என்பார்கள். இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2001-03-ல் தமிழ்நாட்டில் இது 134. 2018-20-ல் 54. அதே காலத்தில் இந்திய அளவில் 301-லிருந்து 97 ஆனது. இந்த இறக்கத்துக்கு ஆய்வு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் நிலையங்கள், அவசர மகப்பேறு சிகிச்சைக்கான சீமாங் மையங்கள், ரத்த வங்கிகள், 2008-ல் வந்த 108 எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் எந்த ஊருக்கு எது தேவை என்று காட்டியதில் ஆய்வுக்குப் பங்கு உண்டு. 2010-ல் மத்திய அரசு இதை நாடு முழுவதற்கும் வழிமுறையாகக் கொண்டுவந்தது.

அந்த வழிமுறையே ஒன்றை அழுத்திச் சொல்கிறது: இது குற்றவாளியைத் தேடும் கூட்டம் அல்ல. நடைமுறையில் இதைக் காப்பாற்றுவது கஷ்டம். கூட்டம் திட்டு வாங்கும் இடமாக மாறினால் அங்கே போகிறவர்கள் தப்பிக்கும் வழியைத்தான் முதலில் கற்றுக்கொள்வார்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும், இங்கேயே பார்க்கக்கூடிய பிரசவமாக இருந்தாலும், ‘எதற்கு வம்பு’ என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் எழுதிவிடுவார்கள். ரிஜிஸ்டரில் நேரத்தைத் திருத்தும் ஆசையும் வரும். இரண்டிலும் நஷ்டம் அடுத்து வரும் கர்ப்பிணிக்குத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், ஆய்வு ‘யார்’ என்பதற்கு முன் ‘எந்த இடத்தில்’ என்று கேட்கிறது. உண்மையைச் சொன்னால் வேலை போகாது என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் அது வேலை செய்யும்.

அப்படியானால் தண்டனையே வேண்டாமா?

வேண்டும். பிரசவத்துக்கு வந்தவரிடம் காசு கேட்பது, அழைத்தும் வராமல் இருப்பது, சாதியோ உடையோ பார்த்து மரியாதை இல்லாமல் நடத்துவது, போடாத ஊசியைப் போட்டதாக எழுதுவது ஆகியவற்றில் வசதிக்குறைவு என்ற சாக்குக்கு இடமே இல்லை. அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் சிறிய தண்டனைக்கு 17(ஏ), பெரிய தண்டனைக்கு 17(பி) என்று பிரிவுகள் இருக்கின்றன. துறையில் யாருக்காவது ‘17பி கொடுத்துவிட்டார்கள்’ என்றால் சம்பள உயர்வு, பதவி உயர்வு, சில சமயம் வேலையே ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்.

ஆனால் தண்டனையோடு கேள்வி நின்றுவிடக் கூடாது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து. ரத்தத்தைப் பரிசோதிக்கும் பொறுப்பில் இருந்த ஊழியர்கள் மேல் நடவடிக்கை வந்தது. அது நியாயம்தான். ஆனால் ரத்தம் கொடுத்தவருக்கு 2016-லேயே ஒரு ரத்த தான முகாமில் தொற்று தெரிந்திருக்கிறது, தகவல் மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்த பிறகு அவரைத் தேடிப்பிடித்துச் சொல்வது யார் வேலை? சொல்லியாயிற்றா என்று சரிபார்ப்பது யார் வேலை? 2018-ல் பரிசோதனை மேசையில் இருந்தவரை வேலையை விட்டு எடுத்தாலும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கும்.

அரசே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது

பணம் இல்லை, படுக்கை இல்லை என்று அரசு சொல்லலாமா? 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயக் கூலித்தொழிலாளியை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வசதி இல்லை. பிறகு கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக, படுக்கை இல்லை, கருவி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து கைக்காசைச் செலவழித்துப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை கொடுக்காதது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறியது என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பணப் பற்றாக்குறையைக் காட்டி அரசு இந்தக் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையங்களை மேம்படுத்துவது, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று சொல்லும் மையத் தொடர்பு வைப்பது என்று அமைப்பைச் சரிசெய்யும் யோசனைகளும் தீர்ப்பில் உண்டு.

மேலே கணக்கு, கீழே மௌனம்

ஒரு கிராம சுகாதார செவிலியர் மாதா மாதம் மேலே அனுப்பும் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். கர்ப்பிணிகள், தடுப்பூசி, பிரசவம், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எல்லாமே ரிஜிஸ்டரிலும் கம்ப்யூட்டரிலும் ஏற வேண்டும். வட்டாரத்திலும் டிடி ஆபீசிலும் ரிவியூ கூட்டங்களில் கேள்விகள் பறக்கும். அதாவது மேலதிகாரிக்குப் பதில் சொல்லும் பழக்கம் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. சிகிச்சை பெறும் ஊருக்குப் பதில் சொல்லும் பழக்கம்தான் நோஞ்சானாகக் கிடக்கிறது.

அதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2005-ல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் ஊருக்கு ஒரு கிராம சுகாதாரக் குழு உருவானது. ஊராட்சித் தலைவரும் செவிலியரும் சேர்ந்து செலவழிக்க ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதியும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோயாளர் நலச் சங்கம் உண்டு. நம் ஊர்க் குழுவில் யார் உறுப்பினர், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று விசாரித்துப் பாருங்கள். பல ஊர்களில் கையெழுத்துகள் மட்டும்தான் கூடியிருக்கும்.

கேள்வியை எங்கே கொண்டுபோவது

உடனடி சிக்கலுக்கு 104 சுகாதார உதவி எண் இருக்கிறது, முதல்வரின் 1100 இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். ஒருவருக்கு நேர்ந்த குறை இவற்றில் தீரலாம். ஊர் முழுவதற்கும் இருக்கும் குறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கிராம சபையும்தான் கை கொடுக்கும்.

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய்க் கட்டணம், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதில் 30 நாளில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். இந்த மனுவில் ‘ஏன் டாக்டர் வருவதில்லை?’ என்று எழுதக் கூடாது. ‘ஏன்’ என்பது கருத்துக் கேட்பது, தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். கோப்பில் இருப்பதைக் கேளுங்கள். நம் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, இன்று நிரம்பியவை எத்தனை, காலியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி, நிரம்பியவர்களில் எத்தனை பேர் மாற்றுப்பணியில் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். மாற்றுப்பணி என்றால் சம்பளம் இந்த ஊர்க் கணக்கில், வேலை வேறு ஊரில். காகிதத்தில் டாக்டர் இருந்தும் நாற்காலி காலியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், வந்த பதிலை வாட்ஸ்அப்பில் போட்டதோடு விட்டுவிடாமல் கிராம சபையில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ‘பணியிடம் காலியாக உள்ளது, நிரப்பக் கோரி கருத்துரு மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம், உள்ளூர் டாக்டரிடம் சண்டைக்கும் போக வேண்டாம். அந்தக் கருத்துருவின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி, அதன் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அடுத்த மனுவை இயக்குநரகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள்.